ஏழாம் நம்பர் மண்டையோடு

என்ரை மனிசி பத்மாசினி முப்பத்தஞ்சு வருசமாய் இரண்டு பேரைப் பாத்து வந்தவ. ஒண்டு நான். மற்றது பள்ளிக்கூட அலுமாரியிலை இருக்கிற ஒரு மண்டையோடு. மண்டையோட்டுக்கு வெல்வெற் துணி. எனக்கு உடுக்கப் பழைய சாரம். அது செத்து எண்பது லட்சம் வருசம் எண்டு சொல்லுறா. நான் இன்னும் சாகேல்லை, அதுதான் என்னிலை உள்ள குறை.

பள்ளிக்கூடம் வட்டுக்கோட்டைப் பக்கம். பேரை விடுவம். அவ அங்கை விலங்கியல் ஆய்வுகூட உதவியாளராய் இருந்து நாலு வருசத்துக்கு முந்திப் பென்சன் எடுத்தவ. ஊர்ச்சனத்துக்கு அவ போத்தில் கழுவிற ஆள். தவளையை ஊசி குத்திப் பலகையிலை மல்லாத்தி வைக்கிற ஆள். பல்கலைக்கழகம் போக அவவுக்கு மூண்டு புள்ளி போதாமல் போட்டுது. உந்தக் கதையை எடுத்தால் இண்டைக்கும் எங்கடை வீட்டிலை ஒரு கதவு அடிச்சுச் சாத்துப்படும்.

1988இலை ஆய்வுகூடத்துப் பின்னறையைக் கூட்டேக்கை ஒரு மரப்பெட்டி அகப்பட்டிருக்கு. எப்பவோ ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் வட இந்தியாவிலை, இமயமலை அடிவாரத்திலையிருந்து கொண்டுவந்து வைச்சிட்டுப் போனதாம். உள்ளுக்கை வைக்கோல். வைக்கோலுக்குள்ளை ஒன்பது மண்டையோடு, எல்லாம் கல்லாய்ப் போனது. எது என்ன எண்டு எழுதின துண்டுகளைக் கறையான் திண்டிட்டுது. எலும்பிலை மையாலை போட்ட நம்பர் மட்டும் மிச்சம். எறியிறதோ வைக்கிறதோ எண்டு பள்ளிக்கூடத்திலை ஒருத்தருக்கும் தெரியேல்லை. இவ மட்டும் பெட்டிக்குப் பக்கத்திலை சப்பாணி கட்டி இருந்திட்டா.

எல்லாம் மறிமானின்ரை சொந்தக்காரர். மறிமான் எண்டால் புள்ளிமான் இல்லை. புள்ளிமானுக்குக் கொம்பு வருசாவருசம் விழுந்து முளைக்கும். மறிமானுக்கு விழாது, அது ஆட்டுக்கும் மாட்டுக்கும்தான் கிட்டின உறவு. இதுகள் உலகத்திலை இல்லாமல் போன சாதியள். மண்ணுக்குள்ளை கொம்பின்ரை மேற்தோல் உக்கிப் போகும், உள்ளெலும்பு மட்டும்தான் மிஞ்சும். அந்த எலும்பை வெட்டிப் பாத்தால் வட்டமோ, முட்டை வடிவோ. ஓரத்திலை வரம்பு ஓடுதோ. இரண்டு கொம்புக்கும் இடையிலை எத்தினை விரல். கடைவாய்ப் பல் எவ்வளவு உயரம். பிடரிக்குக் கீழை இருக்கிற எலும்பு என்ன வடிவம். இவ்வளவையும் அளந்துதான் இது எந்தக் குடும்பம், ஆருக்கு ஆர் ஒண்டுவிட்ட சகோதரம் எண்டு சொல்லலாமாம். கலியாணம் பேசேக்கை எங்கடை சனம் செய்யிற வேலைதான், வேறை ஒண்டுமில்லை. ஆனால் எங்கடை சனம் உயிரோடை இருக்கிற ஆக்களுக்குச் செய்யும்.

நான் உடுப்பிட்டியான். தபால் கந்தோரிலை வேலை, கடைசியிலை தபாலதிபர். 1990இலை கலியாணம் முடிச்சு அவவின்ரை வீட்டுக்கு வந்தன். மற்றப் பெம்பிளையள் புதுமாப்பிள்ளையைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவினம். இவ பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போனா. ஒவ்வொரு மண்டையோடாய்த் தூக்கி, "இவர் இரண்டாம் நம்பர், இவருக்குப் பல்லு நல்லாய் இருக்கு" எண்டு பழக்கிவிட்டா. நான் தலையாட்டினன். கும்பிடத்தான் சொல்லேல்லை.

அஞ்சு வருசத்திலை எட்டு மண்டையோட்டுக்கு ஆள் ஆரெண்டு கண்டுபிடிச்சு முடிச்சிட்டா. நுணுக்கமாய் அளக்கிற ஒரு வேர்ணியர், ஒரு நூல், இரண்டு பழைய புத்தகம், இவ்வளவுதான் அவவின்ரை சாமான். சந்தேகம் வந்தால் லண்டனிலை பழைய எலும்புகள் சேத்து வைச்சிருக்கிற ஒரு நூதனசாலையிலை இருந்த பெரியவர் ஒருத்தருக்குக் கடிதம் எழுதுவா. இதே வேலையிலை கிழடான மனிசன். கடிதத்துக்கு முத்திரை ஒட்டிச் சீல் அடிக்கிறது நான். பதில் வந்தால் சைக்கிளிலை வீட்டை கொண்டுவந்து குடுக்கிறதும் நான். ஆளுக்கு நல்ல எழுத்து. ஒவ்வொரு கடிதத்திலையும் "அன்புள்ள சக ஆய்வாளருக்கு" எண்டுதான் தொடங்குவார். போத்தில் கழுவிறவவை அப்பிடிக் கூப்பிட்ட ஆள் இந்த உலகத்திலை அவர் ஒருத்தர்தான்.

ஏழாம் நம்பர் மட்டும் மிச்சம். அதின்ரை இரண்டு கொம்பையும் மூடி ஒரு கல்லுப் பொருக்கு, சீமெந்து பூசின மாதிரி. தையல் ஊசியாலை சுரண்டிச் சுரண்டி மண்டையைத் துப்புரவாக்கிப் போட்டா. கொம்பிலை கை வைக்க முந்தி 1995 ஐப்பசி வந்திட்டுது. ஆமி வருதெண்டு யாழ்ப்பாணமே எழும்பி மழைக்குள்ளை நடந்துது. எடுக்கக்கூடினதை எடுங்கோ எண்டு சொல்லுறாங்கள். நான் தையல் மிசினைச் சைக்கிளிலை கட்டினன். அவ அதை அவிட்டு இறக்கிப்போட்டு, பள்ளிக்கூடத்திலையிருந்து தூக்கிக்கொண்டு வந்த ஏழாம் நம்பரைக் கட்டினா.

"உமக்கு விசரோ?" எண்டன்.

"மற்ற எட்டின்ரையும் அளவு கொப்பியிலை இருக்கு. இது இன்னும் எழுதேல்லை" எண்டா.

அப்ப விளங்கிச்சுது, எழுதாத மண்டையோட்டை விட்டிட்டுப் போக அவவாலை ஏலாதெண்டு. தையல் மிசின் போச்சுது. திரும்பி வரேக்கை அதின்ரை கால்கூட இல்லை.

நாவற்குழிப் பாலத்து நெரிசலிலை ஆரோ இடிச்சு, சைக்கிள் சரிஞ்சு, மண்டையோடு விழுந்துது. இரண்டு கொம்பும் அடியோடை முறிஞ்சு போச்சுது. அதோடை அந்தப் பொருக்கும் கழண்டு கொட்டுண்டுது. கொம்பை ஒரு சீலைத் துண்டிலை சுத்திக்கொண்டு நடந்தம். கொடிகாமத்திலை என்ரை பெரியப்பாவின்ரை மகன் முருகேசு அண்ணை வீட்டை போய்ச் சேரேக்கை இவவுக்குக் காய்ச்சல். மூண்டாம் நாள் அது நெருப்புக் காய்ச்சல், தைபொயிட் எண்டு தெரிஞ்சுது. பிதற்றலுக்குள்ளையும், "கொம்பு, கொம்பு" எண்டுதான் சொன்னா. "இஞ்சை நிக்கிறன்" எண்டு சொன்ன என்னை ஆரெண்டு கேட்டா.

எனக்குப் பெரிய பயம். இவ கண்முழிக்க முந்தி உந்தக் கொம்பை ஒட்டிவைச்சால் ஒருவேளை தெம்பு வரும் எண்டு நினைச்சன். சந்தையிலை அலைஞ்சு ஒரு அரல்டைற் பசைக் குழாய்ச் சோடி வாங்கினன். மத்தியானம் வெளி விறாந்தையிலை சாக்கை விரிச்சு இருந்தன். ஆனால் முறிஞ்ச இடம் மழையிலை ஊறி மா மாதிரி உதிர்ந்திருந்துது. இந்தக் கொம்பு இந்தப் பக்கம் எண்டு சொல்ல ஒரு அடையாளமும் இல்லை. இரண்டு கொம்பும் முறுகினது, இரண்டும் ஒரே நீளம். எது வலம், எது இடம்?

அந்த வளவிலை முருகேசு அண்ணை ஒரு கிடாய் வளத்தவர். வைரவர் வேள்விக்கு நேந்து விட்டது. நாங்கள் இருபத்திமூண்டு பேர் ஒரு வீட்டிலை கஞ்சி குடிக்கிறம். அதுக்குத் தனிக் கொட்டில், பிலா இலை, தவிட்டுத் தண்ணி, மத்தியானத்திலை முருகேசு அண்ணையின்ரை தடவல். நேத்தி ஆச்சே, ஒருத்தரும் வாய் திறக்கேலாது. நல்ல முறுக்குக் கொம்புக் கிடாய். நான் வலக்கையிலை ஒரு கொம்பும் இடக்கையிலை ஒரு கொம்புமாய் அதுக்கு முன்னாலை போய் நிண்டன். அது அசைபோட்டுக்கொண்டு என்னைப் பாத்துது. நான் அதின்ரை தலையைப் பாத்தன். அதுக்கு எப்பிடி முறுகியிருக்கோ, அப்பிடியே பிடிச்சுப் பாத்துப் பக்கம் தெரிஞ்செடுத்தன். கொம்பெண்டால் கொம்புதானே, கடவுள் இரண்டு விதமாயோ படைச்சிருப்பார். செங்கட்டித் தூளை அரல்டைற்றோடை குழைச்சு, அடைச்சு, ஒட்டி, வெய்யிலிலை வைச்சன். முருகேசு அண்ணை வந்து பாத்திட்டு, "தம்பி, உன்னட்டைக் கைவேலை இருக்கு" எண்டார். எனக்கும் அப்பிடித்தான் பட்டுது.

பத்து நாள் கழிச்சு இவ எழும்பி இருந்தா. மண்டையோட்டை மடியிலை வைச்சு முறுக்கைத் தடவிப் பாத்தா. முகத்திலை இரத்தம் ஓடினதை நான் கண்ணாலை கண்டன்.

"முறிவும் முறிவும் பொருந்தினதோ?"

"ஓம்."

"வடிவாய்ப் பாத்தோ ஒட்டினீங்கள்?"

"ஓம். சின்னப் பிசகும் இல்லை" எண்டன்.

அந்தப் பொய்யைச் சொல்லேக்கை அது இவ்வளவு பெரிய பொய்யெண்டு எனக்கே தெரியாது. கிடாயைப் பாத்துத்தானே ஒட்டினனான். வருத்தக்காறிக்கு உந்த விபரமெல்லாம் என்னத்துக்கு எண்டு ஒரு வசனத்தை விட்டன், அவ்வளவுதான்.

ஊருக்குத் திரும்பினம். வீட்டிலை ஓடு இல்லை, கதவு இல்லை, கிணத்துக்குள்ளை ஆரின்ரையோ கதிரை. எங்களுக்குப் பிள்ளையளும் இல்லை. 1997இலை ஒரு பின்னேரம் நான் கிணத்தடியிலை நிக்க, இவ கொப்பியோடை ஓடி வந்தா. இவ ஓடி நான் அண்டைக்குத்தான் கண்டனான். என்ரை கையிலை இருந்த ஈரத் துவாயைப் பறிச்சு முறுக்கிப் பிழிஞ்சு காட்டினா.

"இஞ்சை பாருங்கோ. மறிமானுக்கு வலக்கொம்பு இந்தப் பக்கம் முறுகும். வீட்டு ஆட்டுக்கு வலக்கொம்பு மற்றப் பக்கம் முறுகும். ஒண்டுக்கொண்டு நேர்மாறு. எங்கடை ஏழாம் நம்பருக்கு மண்டை, பல்லு, பிடரி எல்லாம் மறிமான். கொம்பு மட்டும் ஆடு. இப்பிடி ஒண்டு ஒரு புத்தகத்திலையும் இல்லை. இது புதுசு."

துவாயிலையிருந்து தண்ணி என்ரை காலிலை ஊத்துது. கிடாய் அசைபோட்டதுதான் கண்ணுக்கு முன்னாலை வந்துது. அந்த நிமிசத்திலை சொல்லியிருக்கலாம். "அதை நான் முருகேசு அண்ணையின்ரை கிடாயைப் பாத்து ஒட்டினனான்" எண்டு ஒரே ஒரு வசனம். ஓடில்லாத வீட்டுக்கு முன்னாலை நிண்டு அவ சிரிச்சுக்கொண்டு நிண்டா. நான் சொல்லேல்லை. பயந்தாங்கொள்ளி எண்டு சொல்லுறவை சொல்லட்டும். நாளைக்குச் சொல்லுவம் எண்டு நினைச்சன். நாளைக்கு எண்டது ஒரு வருசமாச்சு, பேந்து இரண்டு வருசமாச்சு.

திருப்பித் திருப்பி அளந்துபோட்டு 1998 கடைசியிலைதான் அவ லண்டன் பெரியவருக்கு எழுதினா. படம் கீறி, அளவெல்லாம் போட்டு, எட்டுப் பக்கம். நான் நிறுத்து, முத்திரை ஒட்டி, அடிச்சன். அந்தக் காலம் கடிதம் கப்பலேறிப் போய் வர நாலு மாதம் எடுக்கும். 1999இலை பதில் வந்துது. பெரியவர் வழமை போலை மரியாதையாய்த்தான் எழுதியிருந்தார். மிச்ச அளவெல்லாம் தங்களிட்டை நாப்பது மண்டையோடு இருக்கிற ஒரு பழைய சாதியோடை அப்பிடியே பொருந்துதாம். "கொம்புகள் முறிந்து ஒட்டப்பட்டவை என்று எழுதியிருக்கிறீர்கள். வலமும் இடமும் மாறியிருக்க இடமுண்டா? ஒருமுறை கழற்றிப் பார்த்தால் நல்லது" எண்டு கேட்டிருந்தார்.

இவவுக்குக் கோபம் வந்ததெண்டால் அப்பிடி ஒரு கோபம். தனக்காக வரேல்லை, எனக்காக. அண்டைக்கே பதில் எழுதினா. நான் அதை வாசிக்கேல்லை. வாசிக்கப் பயம். உறையை வாங்கிப் பதிவுத் தபாலிலை போட்டன். நான் விட்ட பிழையைக் காப்பாத்திற கடிதத்துக்கு நானே றசீது வெட்டினன். பெரியவர் அதுக்குப் பதில் போடேல்லை. இவவும் பேந்து எழுதேல்லை. 2012இலை அவர் செத்ததெண்டு ஆரோ அறிவிச்சிச்சினம். அண்டைக்கு இவ சமைக்கேல்லை.

இனி துஷாந்தினியின்ரை கதைக்கு வாறன். நோர்வேயிலை பிறந்து வளந்த பிள்ளை, உந்த எலும்புப் படிப்பிலை கலாநிதி. தாய் தகப்பன் சங்கானை. பழைய கடிதங்களை லண்டன் நூதனசாலையிலை கிளறேக்கை பத்மாசினி எண்ட பேரைக் கண்டு, ஆளைத் தேடிப் போன வருசம் வந்திட்டுது. மண்டையோட்டைச் சுத்திற தட்டிலை வைச்சு முன்னூறு படம் எடுத்துது. கணினியிலை அதைத் திருப்பித் திருப்பிக் காட்டிச்சுது. இவவுக்கு வாய் மூடேல்லை. இரண்டு பேரும் பின்னறையிலை காலமை போய் இருந்தால் பின்னேரம்தான். நான் சோத்துப் பார்சலோடை போவன். "அங்கிள், உங்களுக்குத் தெரியுமோ, அன்ரி ஒரு வேர்ணியரும் நூலும் வைச்சுச் செய்ததை நாங்கள் ஒரு லாப் வைச்சுச் செய்யிறம்" எண்டு அந்தப் பிள்ளை சொல்லிச்சுது. எனக்குப் பெருமையிலை நெஞ்சு நிமிர்ந்துது, பயத்திலை உடனை சுருங்கிச்சுது.

ஏழாம் நம்பர் புதுச் சாதிதான் எண்டு இரண்டு பேரும் முடிவெடுத்திச்சினம். ஆய்வுக் கட்டுரை எழுதி முடிஞ்சுது. அந்தச் சாதிக்குப் பத்மாசினியின்ரை பேரைத்தான் வைக்கிறதெண்டு துஷாந்தினி ஒற்றைக்காலிலை நிண்டுது. "சீ, எனக்கென்னத்துக்கு உதெல்லாம். வேணுமெண்டால் ஊரின்ரை பேரை வையும்" எண்டு இவ சொன்னா. ஆனால் அடுத்த நாள் காலமை நான் குசினிப் பக்கம் போகேக்கை, தேங்காய் துருவிக்கொண்டு, அந்த லத்தீன் வாலோடை தன்ரை பேரைத் தானே மெல்லமாய்ச் சொல்லிப் பாத்தா. இரண்டு தரம் சொன்னா. நான் திரும்பி முற்றத்துக்குப் போயிட்டன்.

மிச்சம் ஒரே ஒரு அலுவல்தான். துஷாந்தினி நோர்வேயிலையிருந்து வட்ஸ்அப்பிலை முகம் காட்டிச் சொல்லிச்சுது. "கட்டுரையைச் சரிபாக்கிறவை கொம்பு ஒட்டினதைப் பற்றிக் கட்டாயம் கேப்பினம், அன்ரி. ஸ்கான் எடுத்துக் காட்டினால் நல்லது, ஆனால் மண்டையோட்டை வெளியிலை கொண்டுபோகப் பள்ளிக்கூடத்திலை விடமாட்டினம். ஒட்டினவர் உயிரோடை இருக்கிறார்தானே. எப்பிடி ஒட்டினதெண்டு அங்கிள் ஒரு துண்டு எழுதிக் கையெழுத்து வைச்சுத் தந்தால் காணும்."

காணுமாம். நான் ஒரு கையெழுத்து வைச்சால் அலுவல் முடிஞ்சுது. ஒருத்தரும் கழட்டிப் பாக்கப் போறேல்லை. கொடிகாமத்துக் கிடாய் அந்த வருசமே வைரவருக்குப் போட்டுது. முருகேசு அண்ணையும் காலமாகிட்டார். உலகத்திலை உண்மை தெரிஞ்ச ஆள் நான் ஒருத்தன்தான். நான் செத்தால் அதுவும் போம், என்ரை மனிசியின்ரை பேர் மட்டும் புத்தகத்திலை நிண்டுகொள்ளும்.

அடுத்த நாள் காலமை பத்து மணிக்கு மேசையிலை கடதாசி, பேனை. இவ பக்கத்துக் கதிரையிலை. "பழைய கடிதத்தின்ரை பிரதி இருக்கு, அதைப் பாத்து எழுதினால் சுகம்" எண்டு சொல்லி லாச்சியைத் திறந்து ஒரு கோப்பை எடுத்தா. 1999இலை லண்டனுக்கு எழுதின பதில். அதைத் தமிழிலை சொல்லி வாசிக்கத் தொடங்கினா.

"ஐயா, கொம்பு மாறியிருக்குமோ எண்டு கேட்டிருக்கிறீர்கள். ஒட்டினது என்ரை கணவர். இருபது வருசமாய்த் தபால் கந்தோரிலை வேலை செய்யிறவர். ஷெல் விழுந்த காலத்திலையும் ஒரு கடிதத்தை இன்னொரு ஆளின்ரை படலையிலை குடுத்ததில்லை. முறிவும் முறிவும் பொருந்தினது எண்டு அவர் சொன்னால் அது பொருந்தினதுதான். அதுக்கு மேலை எனக்கு அத்தாட்சி தேவையில்லை. உங்களுக்குத் தேவையெண்டால், நாங்கள் இனிக் கடிதம் எழுதாமல் விடுறது நல்லது."

வாசிச்சு முடிச்சுக் கண்ணாடியைக் கழட்டினா. நான் பேனையை மேசையிலை வைச்சன். இருபத்தாறு வருசம் நான் வாசிக்காமல் விட்ட கடிதம். இவ தன்னைச் சக ஆய்வாளர் எண்டு கூப்பிட்ட ஒரே மனிசனை என்ரை வாய்ப்பேச்சை நம்பி வெட்டிவிட்டிருக்கிறா.

"இஞ்சரும், நான் உதிலை கையெழுத்து வைக்கேலாது" எண்டன்.

"ஏன்?"

சொன்னன். கொடிகாமம், விறாந்தை, உதிர்ந்த முறிவு, கிடாய், செங்கட்டித் தூள், எல்லாம் சொன்னன். 1997இலை துவாய் முறுக்கின அண்டைக்கே எனக்கு விளங்கினதெண்டும் சொன்னன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் துவங்கினாப் பிறகு நிப்பாட்டத் தெரியேல்லை. அழுதும் போட்டன். அறுபத்தெட்டு வயசிலை மேசையிலை இருந்து அழுறதைப் போலை கேவலம் இல்லை.

அவ அழேல்லை. ஏசவும் இல்லை. மூண்டு கேள்வி கேட்டா.

"கிடாய்க்கு முன்னாலை நிண்டீங்களோ, பின்னாலை நிண்டீங்களோ?"

"முன்னாலை."

"அரல்டைற் மட்டுமோ, வேறை பசையும் போட்டீங்களோ?"

"அரல்டைற் மட்டும்தான்."

"இதை வேறை ஆருக்கும் சொன்னீங்களோ?"

"இல்லை."

எழும்பிப் போய்ச் சீலை மாத்திக்கொண்டு ஓட்டோ பிடிச்சுப் பள்ளிக்கூடத்துக்குப் போட்டா. நான் பின்னாலை சைக்கிளிலை போனன். ஆய்வுகூடத்திலை பசையை இளக்கிற அசற்றோன் போத்திலை எடுத்து, பஞ்சை நனைச்சு, கொம்பின்ரை அடியிலை சுத்தி, மேலை பொலித்தீனாலை கட்டினா. என்னைப் பாக்கேல்லை. அஞ்சு நாள் ஒவ்வொரு காலமையும் போய்ப் பஞ்சு மாத்தினா. அஞ்சு நாளும் வீட்டிலை என்னோடை ஒரு வார்த்தை கதைக்கேல்லை. சாப்பாடு மட்டும் நேரத்துக்கு மேசைக்கு வந்துது. ஏசினால் பரவாயில்லை எண்டு இருந்துது. தட்டு முட்டுகளை அடிச்சு உடைச்சால்கூட நான் பெருக்கிப் போட்டிருப்பன்.

ஆறாம் நாள் கொம்பு கழண்டுது. செங்கட்டித் தூளைத் துருவி எடுத்து, ஊசியாலை உள்ளுக்கை சுரண்டினா. அடியிலை, மழை தொடாத ஆழத்திலை, பழைய முறிவு நகத்தளவு மிஞ்சியிருந்துது. வலப் பக்கத்திலை இருந்த கொம்பை இடப் பக்கத்திலை வைச்சா. பல்லுச் செட் அண்ணத்திலை இருக்கிற மாதிரிப் போய் இருந்துது. கையை எடுத்தா. விழேல்லை.

கொப்பியைத் திறந்து ஏழாம் நம்பருக்கு நேரே இருந்ததை ஒரு கோடு போட்டு வெட்டினா. லண்டனிலை நாப்பது இருக்கிற அந்தப் பழைய சாதியின்ரை பேரை எழுதினா. திகதி போட்டா. இப்ப நாப்பத்தொண்டு.

துஷாந்தினிக்குத் தானே கோல் எடுத்துச் சொன்னா. அந்தப் பிள்ளை, "அப்ப கட்டுரை இல்லை, அன்ரி" எண்டுது. "ஓம் பிள்ளை, இல்லை. உம்மடை ஒரு வருசத்தையும் வீணாக்கிப் போட்டம். மன்னிச்சுக்கொள்ளும்" எண்டு இவ சொன்னா. நான் அடுத்த அறையிலை இருந்து கேட்டுக்கொண்டு இருந்தன். "அங்கிள் பக்கத்திலை நிக்கிறாரோ?" எண்டு அந்தப் பிள்ளை கேட்டுது. "இல்லை" எண்டா. அது பொய்யில்லை, நான் பக்கத்திலை நிக்கேல்லைத்தான்.

அண்டைக்குப் பின்னேரம் நூதனசாலைக்கு ஒரு கடிதம் எழுதினா. செத்துப்போன பெரியவரின்ரை கோப்பிலை சேர்க்கச் சொல்லி. எழுதி முடிச்சு, ஆறு நாளைக்குப் பிறகு முதல்முறையாய் என்ரை முகத்தைப் பாத்து, கடதாசியை நீட்டினா. "கொம்புகள் வலம் இடம் மாறி ஒட்டப்பட்டவை என்று இப்போது உறுதியாகிறது. 1999இல் தாங்கள் கேட்டது சரி. அன்றே கழற்றிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்காதது என் தவறு." கீழை அவவின்ரை கையெழுத்து.

"இதிலை என்ரை பேர் ஒரு இடமும் இல்லையே. ஒட்டினது நான். பொய் சொன்னதும் நான். அதை எழுதும்" எண்டன்.

"ஒட்டினது நீங்கள்தான். ஆனால் அந்த மனிசன் வடிவாய்ச் சொன்னது, கழட்டிப் பார் எண்டு. மற்ற எட்டையும் மூண்டு மூண்டு தரம் அளந்தனான். இதை மட்டும் உங்கடை வாயை நம்பி அளக்காமல் விட்டிட்டன். அது என்ரை பிழைதான்."

கோபத்திலை சொல்லியிருந்தால் தாங்கியிருப்பன். வேர்ணியரிலை அளவு வாசிக்கிற குரலிலை சொன்னா.

"அப்ப இனி என்னை நம்பமாட்டீரோ?" எண்டு கேட்டன்.

யோசிக்காமல் அவ ஒண்டுக்கும் பதில் சொல்லமாட்டா. "நம்புவன். பாத்திட்டு நம்புவன்" எண்டா.

கடிதத்தை நான்தான் கொண்டுபோய்ப் பதிவுத் தபாலிலை போட்டன். வந்து றசீதைக் குடுத்தன். அதிலை இருந்த நம்பரையும் உறையிலை எழுதி வைச்ச நம்பரையும் ஒத்துப் பாத்திட்டுக் கோப்பிலை வைச்சா. இப்ப நாங்கள் நல்லாய்த்தான் இருக்கிறம், கதைக்கிறம், சிரிக்கிறம். பொழுது பட்டு, "படலையைப் பூட்டிப் போட்டன்" எண்டு நான் சொன்னால், "ஓம்" எண்டு சொல்லுவா. சொல்லிப்போட்டு எழும்பிப் போய், பூட்டை ஒருக்கா இழுத்துப் பாத்திட்டு வந்து இருப்பா.